ஒன்பது மில்லிமீட்டர்

“ஹலோ… மஞ்சள் கோட்டு! அந்தச் சீட்டைக் கொஞ்சம் ஏத்துங்க!”

சிக்னலில் சிவப்பு. மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் மழைக்கோட்டுக்காரன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் இன்னொரு சைக்கிளில், தொப்பலாக நனைந்து, அவள்.

“என்னையா சொன்னீங்க?”

“வேற யாரு இங்க மஞ்சளா இருக்காங்க? முழங்கால் ரெண்டும் தவளை மாதிரி வெளிய வெளிய போகுது. இப்படியே மிதிச்சீங்கன்னா ஆறு மாசத்துல படியேற ஆள் தேடணும்.”

“முழங்கால் என்னோடது. உங்களுக்கு எங்கே வலிக்குது?”

“கண்ணு வலிக்குது… பாக்க முடியல!”

அவன் சிரித்துவிட்டான். இமைகளில் மழைத்துளிகள் கோத்து நின்றன. அந்த ஈரத்துக்குள்ளிருந்து ஒரு பார்வை… கோபமா, குறும்பா? அவள் முடிவு செய்வதற்குள் பச்சை விழுந்தது. பின்னாலிருந்த லாரி அலறியது. கேரியரில் கட்டிய வெள்ளைப் பெட்டி குலுங்க, அவன் போயே போய்விட்டான்.

போகிறவன் போகட்டும்… ஆனால் இருபதடி தாண்டியதும் அவன் கை தானாக வலது முழங்காலை அழுத்தியதை அவள் பார்த்துவிட்டாளே!

பார்க்காமல் இருக்க முடியாது. அதுதான் அவள் தொழில். சீட் எவ்வளவு உயரம், ஹேண்டில்பார் எவ்வளவு தூரம், பாதம் பெடலில் எங்கே படவேண்டும் என்று ஆளுக்குத் தகுந்தாற்போல் சைக்கிளைத் திருத்தித் தருவாள். முழங்கால் தேயாமல் காப்பாற்றுவாள். எதையும் மூன்று முறை அளப்பாள். இரண்டு காலையும் தனித்தனியாக அளப்பாள். அதனால் கடையில் அவளுக்குப் பெயரே ‘மில்லி’. மில்லிமீட்டரின் சுருக்கம். ஏன் மூன்று முறை என்று யாராவது கேட்டால் மட்டும் சிரித்து மழுப்பிவிடுவாள்.

அன்று சாயங்காலமே அந்த மஞ்சள் கோட்டு கடை வாசலில் வந்து நின்றது.

“பிரஷர் மாத்திரை… யாருக்குங்க?”

“எனக்குத்தாம்ப்பா, கொண்டா” என்று கை நீட்டினாள், கடையை நடத்தும் அக்கா.

மில்லி ஒரு சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து மறையப் பார்த்தாள். முடியவில்லை.

“அட… கண்ணு வலி மேடம்!”

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னடி இது… எனக்குத் தெரியாம?”

“ஒண்ணுமில்லக்கா. இவரு முழங்காலை நான் ரோட்ல வச்சுத் திட்டிட்டேன்.”

“திட்டினது சரிதாங்க” என்றான் அவன், குரலை இறக்கி. “நாலு மாசமா வலி. முட்டிச் சில்லுக்குக் கீழ… ஊசி குத்தற மாதிரி. மருந்தைத் தூக்கிட்டு நாள் பூரா வீடு வீடா ஏறி இறங்கறேன், எனக்குன்னு ஒரு மருந்து கெடைக்கல.”

“மாத்திரைல போற வலி இல்ல இது. ஷூவைக் கழட்டுங்க.”

பெஞ்சில் படுக்கவைத்து, டேப்பின் ஒரு முனையை இடுப்பெலும்பில் அவனையே பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மறுமுனையைக் கணுக்காலுக்கு இழுத்தாள். அவள் விரல் பட்டதும் அவன் கால் வெடுக்கென்று உள்ளிழுத்துக்கொண்டது.

“கூசுதா?”

“இல்ல… கை ஜில்லுனு இருக்கு.”

“அசையாதீங்க. ஒரு மில்லி தப்பாயிடும்.”

“ஒரு மில்லியில என்னங்க குடி முழுகிடப் போகுது?”

வலது, இடது, மறுபடி வலது… மூன்று முறை அளந்துவிட்டுத்தான் எழுந்தாள். பிறகு அவனை சைக்கிளில் ஏற்றி, ஒரு பெடலை முன்னால் கிடைமட்டமாக நிறுத்தி, நூலில் கட்டிய தூக்குக்குண்டை முழங்காலிலிருந்து தொங்கவிட்டாள். குண்டு பெடலைத் தாண்டி ஏகத்துக்கு முன்னால் ஆடியது.

“உங்க உயரத்துக்கு இந்தச் சீட் நாலு விரல் கீழ இருக்கு. கால் நீள வழியில்லாம முட்டி மடங்கியே மிதிக்குது. வலிக்காம என்ன செய்யும்?”

அவனை இறங்கச் சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

“வேணாங்க!” அவன் கை சட்டென்று சீட்டின் மேல் வந்து விழுந்தது. “அந்த உயரத்தை மட்டும் தொடாதீங்க.”

“ஏன்?”

“இது தம்பி சைக்கிள். அவன் வச்ச உயரம். திரும்ப ஏறி உக்காரும்போது மாறியிருக்கக் கூடாது.”

சிரித்துக்கொண்டே இருந்த கண்கள்… இப்போது மழை விட்ட சாலை மாதிரி வெறிச்சோடிக் கிடந்தன.

“பந்தயத்துல ஓட்டுவான். ரெண்டு வருஷம் முன்னாடி டீமுக்கு ஆள் எடுக்கற பெரிய தேர்வு ஒண்ணு வந்துச்சு. அதுக்காக டவுன்ல ஒரு பெரிய கடையில போய் அளவெல்லாம் எடுத்து, புதுசா செட் பண்ணிட்டு வந்தான். அன்னைலேர்ந்து இடது முட்டில வலி. திரும்பப் போய்க் கேட்டா, ‘புது செட்டிங், ரெண்டு வாரத்துல பழகிடும்’னு சொன்னாங்களாம். பழகும் பழகும்னு பல்லைக் கடிச்சுட்டு ஓட்டினான். குருத்தெலும்பு கிழிஞ்சு போச்சு. ரெண்டு ஆபரேஷன். இப்ப படி இறங்கணும்னா என் தோள் வேணும்.”

“டாக்டர்…”

“சைக்கிள் பக்கமே போகக் கூடாதுன்னுட்டார். அதை அவன் இன்னும் நம்பல. அதனால நானும் நம்பல. அப்பா சாகறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டார்… ‘உன் உடம்பு இதுக்கு லாயக்கில்லடா’ன்னு. அதையே பிடிச்சுக்கிட்டுக் கெடக்கான். அந்த அளவெடுத்த அக்காவை ஒரே ஒரு தடவை பாக்கணுமாம். தப்பு என் உடம்புல இருந்துச்சா, அளவுல இருந்துச்சான்னு கேக்கணுமாம்.”

மில்லி சைக்கிளைத் திருப்பி ஸ்டாண்டில் மாட்டினாள். கீழ்க்குழாயின் அடியில் மங்கிப்போன ஒரு சின்ன ஸ்டிக்கர். கால் நீளம்… இடது 88.0, வலது 88.0 செ.மீ. எட்டின் வயிற்றை இரண்டு வட்டமாகப் போடும் அந்த எழுத்து…

அவளுடைய எழுத்து!

கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது.

அந்தப் பெரிய கடையில்தான் அவள் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தாள். தேர்வு வாரம், ஒரு நாளைக்கு இருபது பேர். படிவத்தில் இடது, வலது என்று இரண்டு கட்டங்கள். வலது காலை அளந்துவிட்டு அதே எண்ணை இடதிலும் எழுதிவிடுவாள். யாருக்குத்தான் இரண்டு காலும் ஒரே நீளமாக இருக்காது? ஒரு மாதம் கழித்து வேறொருவர் நொண்டிக்கொண்டு வந்தபோதுதான் இரண்டையும் அளந்தாள். ஏழு மில்லி வித்தியாசம். அன்றிலிருந்துதான் மூன்று முறை. ஆனால் அந்த வாரம் வந்துபோன மற்றவர்கள்? யார், எங்கே, எந்தக் காலோடு… இரண்டு வருடமாக அந்தக் கேள்விதான் அவளோடு படுத்து எழுந்தது. பதில் இப்போது அவள் கண்ணெதிரே ஸ்டாண்டில் தொங்குகிறது.

“என்னாச்சுங்க… முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல. உயரத்தைத் தொடல. சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளி வைக்கிறேன். லேசான கியர்ல மிதிங்க. பாதி வலி குறையும்.”

குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

அவன் போனதும் அக்காவிடம் கொட்டிவிட்டாள். அக்கா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அதுல உன் பேரு இருக்கா?”

“என் எழுத்து இருக்கு.”

“எழுத்துக்கு மூக்கும் முழியுமா இருக்கு? பேசாம இரு. அந்தப் பையன் உன்னைப் பாக்கற பார்வையை நானும் பாத்தேன். சொன்னியோ… அந்தப் பார்வை போச்சு.”

அவள் பேசாமல் இருந்தாள். அதுதான் அவள் செய்த இரண்டாவது தப்பு.

அவன் வந்தான். மறுபடி வந்தான். அக்காவுக்குத் திடீரென்று வாரம் இரண்டு முறை மருந்து தேவைப்பட்டது! பாதத்தைப் பெடலில் எங்கே வைப்பது, மேட்டில் எப்படி மிதிப்பது என்று அவள் சொல்லித்தர, அவன் வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் செய்துகாட்டினான்.

“இப்படியா?”

“இல்ல.”

“அப்ப இப்படி?”

“அது அதைவிட மோசம்.”

“நீங்க திட்டறப்ப புருவம் ரெண்டும் ஒண்ணா சேருது தெரியுமா? அதுக்காகவே இன்னும் ரெண்டு தப்பு பண்ணலாம்…”

அவள் சிரித்தாள். சிரித்த மறுநிமிடமே திரும்பிக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்தாள். இந்தச் சிரிப்பு திருட்டுச் சிரிப்பு. அவன் தம்பி படியிறங்க முடியாமல் வீட்டில் கிடக்கும்போது இவளுக்கு எப்படி வருகிறது சிரிப்பு?

ஒருநாள் அவன் கோட்டைக் கழற்றாமலே நின்றான்.

“ஞாயித்துக்கிழமை காலைல ஃப்ரீயா?”

“எதுக்கு?”

“வீட்டுக்கு வாங்க. தம்பியைப் பாருங்க. உங்களை மாதிரி ஒருத்தர் பேசினா அவன் கேப்பான்னு தோணுது. அப்புறம்…” காது மடல் சிவந்தது. “எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இங்க வேணாம். அக்காவுக்குக் காது நீளம்.”

“கேட்டுச்சு!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவன் கேட்கப் போவது என்ன என்று அவளுக்குத் தெரியாதா? வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். “வரேன்” என்றுதான் வந்தது.

மூன்றாவது மாடி. படிக்கட்டின் கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. அவன் கதவைத் திறந்தான். புதுச் சட்டை… மடிப்புகூடக் கலையவில்லை. கூடம் அவசரமாகப் பெருக்கப்பட்டிருந்தது. ஜன்னலோர நாற்காலியில் முதுகு காட்டி ஒரு இளைஞன்.

“டேய், நான் சொன்னேன்ல… அவங்க வந்திருக்காங்க.”

தம்பி திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும். அவனாக அடையாளம் கண்டுகொண்டால், பிறகு இவள் சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை.

“நான்தான்” என்றாள். “டவுன் கடையில உங்களுக்கு அளவெடுத்தது நான்தான். ரெண்டு வாரத்துல பழகிடும்னு சொன்னதும் நான்தான்.”

தம்பி திரும்பினான். அவள் முகத்தையே பார்த்தான். அண்ணனோ… தண்ணீர் கொண்டுவரத் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். அந்தப் பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“டேப் இருக்கா?” என்றான் தம்பி.

“இருக்கு.”

“அளங்க.”

தம்பி கட்டிலில் படுத்தான். இடது முழங்காலைச் சுற்றி, தைத்த தழும்புகள். அவள் மண்டியிட்டாள். வலது 88.0. இடது… கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தாள். மூன்றாவது முறையும் அதே எண்தான்.

“87.1. ஒன்பது மில்லி குறைச்சல்.”

“அன்னைக்கு ஏன் தெரியல?”

“இடது காலை நான் அளக்கல. வலது எண்ணையே ரெண்டு கட்டத்துலயும் எழுதிட்டேன். அவசரம்.”

“தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“சீட்டைக் கொஞ்சம் இறக்கி, இடது ஷூவுக்கு அடியில ஒரு தகடு வச்சிருப்பேன். அஞ்சு நிமிஷ வேலை.”

“வச்சிருந்தா ஓட்டியிருப்பேனா?”

‘உறுதியாச் சொல்ல முடியாது’ என்று ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை போதும். டாக்டர்கள்கூட அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பின்னால் நிற்பவன் அந்த வார்த்தைக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவன் நாளைக்கும் கடைக்கு வருவான்.

“ஓட்டியிருப்பீங்க” என்றாள்.

தம்பியின் உதடு கோணியது. சிரிப்பா, அழுகையா… இரண்டும் ஒன்றாக வந்தது.

“அண்ணா… கேட்டியா? என் உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. அப்பா சொன்னது தப்புண்ணா. என் உடம்பு நல்லாத்தான்ணா இருந்துச்சு!”

அண்ணன் ஓடிவந்து தம்பியின் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். அவள் டேப்பைச் சுருட்டினாள். சுருட்டவே வரவில்லை.

“அந்தச் சீட்டை ஏத்திக்கோ” என்றான் தம்பி, அண்ணன் சட்டைக்குள்ளிருந்தே. “தப்பான உயரத்தை ரெண்டு வருஷமா காவல் காத்திருக்கோம்.” பிறகு, குரல் மாறி, “அவங்களைப் போகச் சொல்லுண்ணா.”

அவள் தானாகவே போனாள். படியில் பின்னால் காலடிச் சத்தம். கீழ்வாசல் வரை அவன் பின்னாலேயே வந்தான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“அந்த முதல் நாளே தெரியுமா?” என்றான்.

“ஸ்டிக்கரைப் பார்த்ததுமே தெரியும்.”

“அதுக்கப்புறமும் என்னோட சிரிச்சீங்க.”

“சிரிச்சேன். சிரிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும் சிரிச்சேன். நீங்க வராத நாள்ல வாசலையே பாத்துட்டு இருந்தேன். இவ்வளவு பண்ணிட்டு இதைச் சொல்ல எனக்கு யோக்யதை இல்ல. ஆனா இன்னொரு விஷயத்தையும் மறைச்சேன்னு இருக்க வேணாம்… எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் சுவரில் சாய்ந்தான். புதுச் சட்டையின் நெஞ்சுப்பக்கம் தம்பியின் கண்ணீரில் நனைந்திருந்தது.

“உங்களை இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். இப்படி இல்ல.”

“தெரியும்.”

“எனக்கும் பிடிச்சிருக்கு. இப்பவும்… இந்த நிமிஷம்கூட. அதை வச்சுக்கிட்டுத்தான் நான் மேல போய் அவன் முகத்தைப் பாக்கணும்.”

அவள் தலையை ஆட்டினாள். அவன் படியேறினான். முதல் மாடி, இரண்டாம் மாடி… செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. கதவை அறைந்து சாத்துவான் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினான்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.