அறுபத்து நாலாவது பெயர்

அறுபத்து மூன்று வெப்சைட்டுகள்தான் இருக்க வேண்டும். பட்டியலில் அறுபத்து நான்கு இருந்தன.

பினோய் குருவிளா மறுபடி எண்ணினான். கோட்டயத்தில் ரப்பர் கடைக்கு மேலே, சனிக்கிழமை மதியம், ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, பங்குக் கோயில், பல் டாக்டர், பன்றிப் பண்ணை என்று ஊரிலுள்ள அற்பங்களின் வெப்சைட்டுகளையெல்லாம் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மூட்டை கட்டுவது தன்னைப் போன்ற மேதைக்கு உரிய வேலையா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை மேதை என்று சொன்னவர் அவனைத் தவிர ஊரில் எவருமில்லை.

கடைசி வரியில் இருந்தது வெப்சைட் பெயரே அல்ல. ஞானஸ்நானப் புத்தகத்தில் உள்ளபடி, 'பினோய் குருவிளா புளிக்கல்'. அதற்கு நேரே பழைய சர்வரின் முகவரி.

"கெழவன் வேலை," என்று காறித் துப்பாத குறையாகச் சொன்னான். கிழவன் என்றது தங்கச்சனை. இருபது வருடம் இந்தச் சர்வரைக் கட்டிக்கொண்டு அழுதவர். ஆமையை வைத்துக்கொண்டு ஓட்டப் பந்தயம் நடத்த முடியாது என்று முதலாளியிடம் ஓதி, போன மாதம் அவரை வீட்டுக்கு அனுப்பியதே பினோய்தான்.

இடம் மாற்றுவது பெரிய வித்தையில்லை. சாமானைப் புது வீட்டில் இறக்கிவிட்டு, பட்டியலில் பெயருக்கு நேரே புது முகவரியை எழுத வேண்டும். ஆனால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் கடைசியாக எப்போது விசாரித்தனவோ, அதிலிருந்து நான்கு மணி நேரம் பழைய முகவரியையே நினைவில் வைத்திருக்கும். அதுவரை பழைய சர்வரை அணைக்கக் கூடாது. தங்கச்சன் பயந்துகொண்டு இரண்டு நாள் விட்டுவைப்பார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு எட்டு வயது மகள் ஆன், தன் அறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினாள்.

"இது யானைக் காதா, மொறமா? வை போனை," என்றான்.

ஒரு மணிக்கு, கடைசி வரியோடு சேர்த்து அறுபத்து நான்கையும் ஒரே தட்டில் மாற்றினான். நான்கு மணி நேரமாவது மண்ணாவது. பழைய சர்வரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அதை அணைத்தான்.

அதன் விசிறிச் சத்தம் நின்றது. அந்த அலுவலகத்தில் அது நின்று யாரும் கேட்டதில்லை. ஓட்டின் மேல் மழை விழுவதும், கீழே புகை போட்ட ரப்பர் ஷீட்டுகளின் புளித்த வாடை படியேறி வருவதும், எங்கோ ஒரு குழாய் சொட்டுவதும் திடீரென்று மிக அருகில் வந்துவிட்டன. அப்போது அவனுக்குப் பின்னால் ஒரு நாற்காலி உருண்டது. யாரோ எழுந்து, இடது செருப்பை லேசாக இழுத்து இழுத்துப் படியிறங்கிப் போனார்கள்.

இடது செருப்பை அப்படி இழுப்பது அவன்தான்.

கீழே ஓடினான். யாருமில்லை. அவன் கார் நின்ற இடத்தில் ஒரு நீள்சதுரம் மட்டும் நனையாமல் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை அதையும் நனைத்தது. மேலே வந்து கதவில் கட்டைவிரலை வைத்தான். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு.

"யாருவே அது?" காவலாளி தடியோடு வந்தான். காலையில் ஒன்பது மணிக்குச் சலாம் வைத்தவன்.

"கண்ணு அவிஞ்சு போச்சா? நான்தான், பினோய்."

"பினோய் சார் இப்பத்தான் கார்ல போனாரு. போறப்ப, சாப்பிட்டியான்னு கூடக் கேட்டாரு. நீ எறங்கு மொதல்ல."

வீட்டுக்குப் போன் போட்டான். ஷைனி எடுத்தாள். "ராங் நம்பர். என் வீட்டுக்காரர் காலையில வேலைக்குப் போனாரு, இப்ப வர்ற வழியில இருக்காரு," என்று வைத்துவிட்டாள். காலை எட்டரைக்குப் பார்த்தவள் அவள். எட்டரை. ஒன்பது. நான்கு மணி நேரம். இருவருக்கும் அந்தக் கெடு தாண்டிவிட்டது.

வேறு வழியில்லாமல் தங்கச்சனைக் கூப்பிட்டான்.

"பினோயா? இப்பத்தானே பினோய் கூப்பிட்டு, மன்னிச்சுக்குங்க சேட்டான்னு சொன்னான். ஓ... அப்ப நீ பழையவன்."

"கெழவா, வெளையாடாத. அந்தக் கடைசி வரி என்ன?"

"நான் எழுதல. நான் இருந்த வரைக்கும் அதுல என் பேர் இருந்துச்சு. நான் தொட்டதே இல்ல. மாத்துறதுக்கு முன்னால உன்னைக் கடைசியாப் பார்த்தது யாரு?"

"ஆன். பன்னெண்டு நாப்பது."

"அப்ப நாலு நாப்பது வரைக்கும் அவளுக்கு நீதான் அப்பன். அதுக்குள்ள அவ உன் கையைப் பிடிச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனா, ஒருவேளை நீ நிக்கலாம். எனக்குத் தெரியாது. ஓடு."

வீட்டுக்கு, பாலா ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினான். இப்போது அவன் ஆட்களின் கண்ணுக்கே படவில்லை; கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. ஏற்றுமானூரில் ஏறிய ஒரு பெண், நனைந்த குடையை அவன் மடியில் சாய்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். கத்தினான். அவள் கொட்டாவி விட்டாள். மரம் விழுந்து வண்டி நின்றது. மூன்றரை. நான்கு. இறங்கி ஓடினான். யாரையும் ஒரு பொருட்டாக மதிக்காதவன், எதிரே வந்தவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டபடி ஓடினான்.

நான்கு முப்பத்தைந்துக்கு வீடு. முற்றத்தில் அவன் கார். குடம்புளி போட்ட மீன் குழம்பின் மணம் ஜன்னல் வழியே வந்தது. உள்ளே ஓர் ஆண் குரல், அவன் குரல், குழம்பைப் பாராட்டியது. ஷைனி சிரித்தாள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவன் கேட்டிராத சிரிப்பு. வாசற்கதவு தாழிட்டிருந்தது. தட்டினான். யாருக்கும் கேட்கவில்லை.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஆன் நின்றாள். பார்த்துவிட்டாள்.

"பப்பா! ஏன் வெளியில நிக்கிற? அப்ப உள்ள இருக்கிறது யாரு?"

அவனுக்கு அழுகை வெடித்தது. கம்பிக்குள் கைவிட்டு அவள் விரல்களைப் பிடித்தான். சூடாக இருந்தன.

"கண்ணே, கதவைத் தெற. பப்பாவை உள்ள கூட்டிட்டுப் போ. சீக்கிரம்."

"தாப்பா எட்டாது பப்பா."

"ஸ்டூல் போடு. இல்ல, போகாத. கையை விடாத. யானை நல்லாருந்துச்சு. கேட்குதா? ரொம்ப நல்லாருந்துச்சு."

"நெஜமாவா?"

அவள் முகம் மலர்ந்தது. அப்படியே நின்றது. நான்கு நாற்பது. பிறகு அவள் பார்வை அவனைத் தாண்டி, மழையில் நின்ற பலாமரத்துக்குப் போனது. விரல்களை உருவிக்கொண்டாள். ஈரமாகிவிட்டதே என்பதுபோல் பாவாடையில் துடைத்தாள்.

"பப்பா," என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள், "சாரல் அடிக்குது. சன்னலைச் சாத்து."

செருப்புச் சத்தம். இடது காலை இழுத்தபடி.

உள்ளே இருந்தவன் வந்தான். ஆனுடைய தலையில் கை வைத்தான். அந்த வீட்டில் அவன் ஒருவனுக்கு மட்டும் வெளியே நின்றவன் தெரிந்தான். கண்ணுக்குக் கண் பார்த்தான். குழம்பு ஒட்டிய விரலை நக்கிக்கொண்டான். பிறகு நிதானமாக ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினான். அடுத்ததையும் சாத்தி, கொண்டி போட்டான்.