பன்னிரண்டாம் அறைக்காரி

நவம்பர் குளிரில் கடற்கரைக்குப் போகிறவர்கள் இரண்டே வகை. பென்ஷன் வாங்கும் கிழடுகள், பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த வேறு வழி தெரியாத புருஷன்கள். என் புருஷன் லோரிஸ் இரண்டிலும் சேர்த்தி.

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். அவனுடைய முதல் மனைவி எல்வீரா செத்து ஐந்து வருஷம். ஃபெர்ராராவில் எங்கள் வீட்டுத் திரைச்சீலை அவள் தைத்தது. உப்பு டப்பா அவள் வைத்த இடத்தைவிட்டு ஒரு விரற்கடை நகரக் கூடாது. "ஒரு வாரம், நிவெஸ். நாம ரெண்டு பேர் மட்டும். நான் போகாத ஊரு" என்று அவன் சொன்னபோது நம்பித் தொலைத்தேன். அந்த ஒரு வாரமாவது அவன் எனக்குப் புருஷனாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பெல்லாரியாவில் காரைவிட்டு இறங்கும்போது சாயங்காலம் ஐந்து மணி. மூடுபனி. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் வந்தது. விடுதிக்குள் ஈரச் சுண்ணாம்பு நாற்றம், கூடவே நெஞ்சில் தடவும் தைல வாசனை. விடுதிக்காரி இயோலே பன்னிரண்டாம் அறைச் சாவியைக் கொடுத்தாள்.

அந்த மாதிரி விடுதிகளில் குடித்து மிஞ்சிய ஒயின் பாட்டிலில் அறை எண்ணைப் பென்சிலால் எழுதி, அடுத்த வேளைக்கு எடுத்து வைப்பார்கள். ஏழு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால், எங்கள் மேசையில் பாதி காலியான பாட்டில். அதில் 12 என்று எழுதியிருந்தது.

மூன்று தட்டுகள் வைத்திருந்தார்கள்.

"இது எங்களுது இல்ல. நாங்க இப்பத்தானே வந்தோம்" என்றேன்.

"மத்தியானம் அம்மா குடிச்ச மிச்சம்" என்றாள் இயோலே. "மீன் வேணாம்னுட்டாங்க. சூப் போதுமாம்."

"எந்த அம்மா?"

அவள் மூன்றாவது தட்டில் சூப்பை ஊற்றிவிட்டுப் போனாள்.

லோரிஸைப் பார்த்தேன். "நீ இங்க எத்தன தடவ வந்திருக்க?"

"பதினோரு நவம்பர். எல்வீராவுக்கு நெஞ்சுல சளி. கடல் காத்து நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு."

"இதே ரூமா?"

"ரூம் நல்லா இருக்கும்."

வெட்கங்கெட்டவன்.

அப்போதுதான் அந்தத் தட்டைக் கவனித்தேன்.

கரண்டி அசையவில்லை.

சூப் குறைந்துகொண்டே வந்தது.

லோரிஸ் பயப்படவில்லை. நான்கு வருஷத்தில் என்னைப் பார்த்து ஒரு நாளும் வராத சிரிப்பு அவன் உதட்டில் இருந்தது. "ஆறுறதுக்குள்ள குடி" என்றான் மெதுவாக. அதை என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை இயோலே வேறொரு சாவியை நீட்டினாள். "உங்க சாமானையெல்லாம் பதினாலுக்கு மாத்திட்டேன். அந்தம்மா சொன்னாங்க. நீங்க குறட்டை விடுறீங்களாம்."

செத்தவளுக்கு என் குறட்டை தொந்தரவு. ஓடிப்போய் லோரிஸைப் பிடித்து உலுக்கினேன்.

"விடேன், நிவெஸ்" என்றான். "தூக்கம் கெட்டா அவளுக்கு இருமல் ஜாஸ்தியாயிடும்."

மூன்றாம் நாள் காலை பனிக்குள் தனியாக ஒரு மணி நேரம் நடந்தேன். நானா அவளா, இன்றே சொல்லிவிடு என்று கேட்டுவிடுவதாக முடிவுசெய்து திரும்பினேன். இயோலே வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயாவும் அம்மாவும் இப்பத்தான் கார்ல கிளம்பினாங்க."

"நான்தான் அவன் பொண்டாட்டி."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு ஐயா சொல்லிட்டுத்தான் போனாரு."

ரயிலேறினேன். தங்கை வீட்டுக்குப் போயிருக்கலாம், ரோஷம் விடவில்லை. நான்கு வருஷம் கூட்டிப் பெருக்கிய வீடு, அதை யாருக்கு விட்டுக்கொடுப்பது?

எங்கள் சமையலறையில் விளக்கு எரிந்தது. என் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. மணியை அடித்தேன்.

உள்ளே செருப்பைத் தேய்த்துத் தேய்த்து யாரோ நடந்து வந்தார்கள்.

கதவுத் துளையில் தெரிந்த வெளிச்சம் மறைந்தது. அந்தப் பக்கம் ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு வந்திருக்கா?" சமையலறையிலிருந்து லோரிஸ் குரல்.

"யாருமில்ல" என்றாள் அவள்.