பீரோவுக்குள் இல்லாத கல்யாணம்

புதன்கிழமை காலை பத்தரை. பீரோ பூட்டியபடியே இருந்தது. சாவி ஜெபசிங்கின் சட்டைப் பையில் இருந்தது. திறந்து பார்த்தால், வைத்த இடத்திலேயே ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. அதற்குள் இருக்கவேண்டிய கல்யாணம் மட்டும் இல்லை.

ஜெபசிங் ராயபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். கணினித் திரைக்கு முன்னால் அவர் குனிந்து நின்ற விதம், கிணற்றுக்குள் விழுந்த எதையோ தேடுபவரைப் போலிருந்தது. திரை வெள்ளையாக இருந்தது.

"இன்னாண்ணே, காலியா கீது?" என்றான் ஃபவாஸ். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டை மண்டபத்தில் அவன் தங்கை மெஹ்னாஸின் நிக்காஹ் நடந்திருந்தது.

"இருப்பா. சைமா, இன்னா பண்ணி வெச்சிருக்கே?"

கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்த சைமா திரும்பவில்லை. படங்களைச் சரிசெய்வதும் சேமித்து வைப்பதும் அவள் வேலை. நிக்காஹ் அன்று பெண்கள் பக்கம் போய்ப் படமெடுத்ததும் அவள்தான். "டிஸ்க்க பீரோல வெச்சது நான். பூட்டி சாவிய உங்க கையில குடுத்தேன். படத்த ஃப்ரெடி ஏத்திட்டான்னு நெனச்சேன் சார்."

"நெனச்சியா? கேமரா கார்டு எங்க?"

"ஃப்ரெடியாண்ட. எடுத்துக்கினு போய்ட்டான்."

"அவன் காலையிலயே போன்ல சொன்னானே, கார்ட கேமராவுலயே அழிச்சிட்டேன், புதுசா வெச்சிருக்கேன்னு." ஜெபசிங்கின் குரல் உயர்ந்தது. ஃப்ரெடி அவருடைய அக்கா மகன், ஸ்டூடியோவின் போட்டோகிராபர். "கார்டுல இல்ல, டிஸ்க்குலயும் இல்ல. அப்ப யார் கையில கீது?" ஃபவாஸ் பக்கம் திரும்பினார். "தம்பி, மறைக்காம சொல்றேன். இவ அடுத்த மாசம் வேற ஸ்டூடியோவுக்குப் போறா. போறவ வெறுங்கையோட போவாளா?"

சைமாவின் கை மௌஸ் மேலேயே நின்றுவிட்டது.

ஃபவாஸ் அதற்குள் வீட்டுக்கு அழைத்திருந்தான். "அத்தா, நிக்காஹ் படம் காணோம். பொம்பளைங்க சைடு எடுத்ததும் சேத்துதான். சைமா எடுத்துகினு போயிருக்கான்னு ஓனரே சொல்றாரு... ஆமா, நம்ம ஜமாத்து சைமாதான்." போனை வைத்துவிட்டு, "ஒரு மணிக்குள்ள படம் வரலன்னா ஸ்டேஷனுக்குப் போறேன். எங்க வூட்டுப் பொம்பளைங்க படம் எவன் கையில கீதோ," என்றான்.

"அவங்க அத்தா எங்க அத்தாவுக்கு இந்நேரம் சொல்லியிருப்பாரு," என்றாள் சைமா யாரையும் பார்க்காமல். "இன்னிக்கு சாயங்காலம் எங்க தெருவுல நான் திருடி."

நீலத் திரைக்கு முன்னாலிருந்த முக்காலியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். துறைமுக நுழைவு அனுமதிக்காகப் போட்டோ எடுக்க வந்தவள், இவ்வளவு நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, ஸ்டேஷனுக்கு அப்புறம் போவலாம். எனக்குக் கொஞ்ச நேரம் குடு."

"நீங்க யாருக்கா?"

"கார்குழலி. வியாசர்பாடி. ஹார்பர்ல சரக்கு சர்வேயர். கன்டெய்னர் உள்ள சாமான் கொறஞ்சா, எங்க கொறஞ்சுதுன்னு கண்டுபுடிச்சு சொல்றதுதான் என் பொழப்பு. இதுவும் ஒரு பொட்டி, உள்ள சாமான் இல்ல. அவ்ளோதானே?"

ஃபவாஸ் ஒப்புக்கொண்டானா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. தலையை எப்படியோ ஆட்டினான்.

பத்தே முக்கால். கார்குழலி மேசையைச் சுற்றி வந்தாள். கார்டு ரீடர், கத்தரிக்கோல், முனைக்கடையிலிருந்து வந்த டீ கிளாஸ்கள். பின்கட்டுத் திரைச்சீலை ஓரம் ஜன்னல் கட்டையில் ஒரு ஸ்டீல் டம்ளர் நிறைய காப்பி. மேலே தோல்போல ஆடை காய்ந்து கிடந்தது. எறும்புகள் வந்து போய்க்கொண்டிருந்தன.

"இது எந்தக் காலத்துது?"

"திங்கக்கெழமைது. நேத்து கடை லீவு," என்றார் ஜெபசிங். "டாக்டர் டீய கொறைங்கன்னாரு. கரண்டு அடுப்பு வாங்கி நானே பின்னாடி கலக்க ஆரம்பிச்சேன். ஆசையா ஒருத்தனுக்கு ஊத்தி வெச்சா, மூஞ்சியக்கூட காட்டாம வண்டிய எடுத்துட்டான். இந்தக் கடையில எனக்கு இருக்கற மரியாத அவ்ளோதான்."

"எனக்கும் ஃப்ரெடிக்கும் டீ தவிர எதுவும் எறங்காது," என்றாள் சைமா.

கார்குழலி ஹார்டு டிஸ்க்கைக் கையில் எடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி. "இத வாங்கினது யாரு?"

"மூணு பேரும் போனோம், திங்கக்கெழம காலையில," என்றாள் சைமா. "பழைய டிஸ்க் நெறஞ்சிடுச்சு. ஃப்ரெடி உள்ள எதுவும் சுத்தாத வகை கேட்டான். பைக்ல தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆவாதாம். ஆனா அதே காசுக்கு எடம் கம்மி. நான் சுத்தற வகையே போதும், ரெண்டா வாங்குங்கன்னேன். ஒண்ணு இங்க, ஒண்ணு சார் வூட்ல. ஒண்ணு பூட்டா இன்னொண்ணு இருக்கும்."

"ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு பொண்ணா பாப்பாங்கன்னு கேட்டேன்," என்றார் ஜெபசிங். "ஒண்ணு வாங்கினோம். அதுக்கே அர மணி நேரம் பேஜாரு."

"விலை கம்மியா இருந்துச்சா? டூப்ளிகேட் நெறைய வருது. எங்க கன்டெய்னர்லயே பாத்திருக்கேன். மேல பெரிய நம்பர் ஒட்டி, உள்ள சின்ன பென்டிரைவும் கனத்துக்கு ரெண்டு இரும்பு நட்டும் வெச்சிருப்பான். படம் ஏறுற மாதிரியே காட்டும். தொறந்தா ஒண்ணும் இருக்காது."

"பாத்தாச்சுக்கா. அட்டைப் பொட்டில கீற நம்பர், டிஸ்க் முதுகுல கீற நம்பர், கம்ப்யூட்டர் காட்டற நம்பர், மூணும் ஒண்ணு."

கார்குழலி டிஸ்க்கைக் கணினியில் செருகி, அதன்மேல் விரல் நுனியை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ சுழன்றது. தூங்கும் பூனையின் வயிறு போல மெல்ல அதிர்ந்தது. போலி இல்லை. எண்கள் ஒத்துப்போவதால் யாரும் மாற்றி வைக்கவும் இல்லை.

"அப்ப யாரோ அழிச்சிருக்காங்க," என்றான் ஃபவாஸ்.

"அதையும் பாத்துடுவோம். சைமா, கம்பெனிக்காரன் போட்டு அனுப்புற ஃபைல் உள்ள கீதா?"

"கீது. வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே."

"மொத்தமா தொடச்சிருந்தா அதுவும் சேந்து போயிருக்கும். சரி, படத்த மட்டும் அழிச்சிருந்தா?"

"அழிச்சாலும் தடம் இருக்கும். தேடிப் பாக்கற சாப்ட்வேர் எங்ககிட்ட கீது." அவள் அதை ஓடவிட்டாள். திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது. நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. கோடு ஒரு கட்டத்தைத் தாண்டியபோது சைமா தலையை ஆட்டினாள். ஒரு படத்தின் துண்டுகூட அகப்படவில்லை.

ஜெபசிங் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "போலி இல்ல, மாத்தல, அழிக்கல. பீரோவும் பூட்டி இருந்துச்சு. அப்ப இன்னா, பேயா வந்து எடுத்துச்சு?"

"எனக்கு ஒண்ணுமே பிரியல," என்றான் ஃபவாஸ்.

"காணாம போனாத்தானேண்ணா எடுக்கறவன் வேணும்?" என்றாள் கார்குழலி. "எங்க தொழில்ல மொதக் கேள்வியே வேற. சாமான் வண்டில ஏறுச்சா? இதுல ஏறவே இல்ல. ஃப்ரெடிக்குப் போன் போடுங்க."

பதினொன்றேகால். ஃப்ரெடி விம்கோ நகரில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் இருந்தான். ஒலிபெருக்கியில் போட்டதும் மேளச் சத்தம்தான் முதலில் வந்தது.

"மாமா, சீக்கிரம் சொல்லு. பொண்ண உக்கார வெக்கறாங்கோ."

"ஃப்ரெடி, கேக்கறது வேற ஆளு," என்றாள் கார்குழலி. "திங்கக்கெழம கார்ட எப்ப எடுத்தே?"

"மத்தியானம். வண்டிய ஆஃப் பண்ணாமயே வாசல்ல நின்னேன். கார்டு முன்னாடி மேசை மேல இருந்துச்சு. காப்பி போட்டாச்சான்னு கேட்டேன். போட்டாச்சுன்னு உள்ளேந்து கொரல் வந்துச்சு. கார்ட எடுத்துக்கினு கெளம்பிட்டேன். வூட்டுக்குப் போயி கேமராவுல போட்டு அழிச்சேன்."

"யார் கொரல்?"

"லாரிக்காரன் ஹாரன் அடிச்சிகினே இருந்தான், சரியா கேக்கல. வேற யாரு, சைமாதான். அவ வேலதானே அது?"

மேளச் சத்தம் உச்சத்துக்குப் போய் இணைப்பு அறுந்தது.

ஜெபசிங் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கேட்டியா தம்பி? ஏத்தாமயே ஏத்திட்டேன்னு சொல்லி, கார்ட அழிக்க வெச்சிருக்கா. அதுக்கு முன்னாடி படத்த வேற எதுலயோ உருவிக்கினா."

"நான் அந்நேரம் கடையிலயே இல்ல," என்றாள் சைமா. "சாப்புட வூட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா கார்ட காணோம். சரி, ஃப்ரெடியே ஏத்திட்டு எடுத்துக்கினு போயிருக்கான்னு டிஸ்க்க பீரோல வெச்சேன்."

"யாரு பாத்தா?"

ஃபவாஸ் முதலில் சைமாவைப் பார்த்தான், பிறகு ஜெபசிங்கை, பிறகு ஒன்றும் தோன்றாமல் தன் செருப்பை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தன் தங்கைக்குப் பக்கத்தில் சிரித்தபடி கேமராவுடன் நின்ற பெண் இவள்தானா என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கார்குழலி ஜன்னல் கட்டையருகே போய் நின்றாள்.

"அண்ணா, இந்த டம்ளர் யாருக்கு ஊத்தி வெச்சது?"

"இப்ப அதுவா முக்கியம்? ஃப்ரெடிக்குத்தான்."

"ஃப்ரெடி டீ மட்டும்தானே குடிப்பான். அவனுக்கு எதுக்கு ஊத்தினீங்க?"

"அவன்தான் கேட்டான்."

"எப்ப?"

"திங்கக்கெழம மத்தியானம். நான் பின்னாடி அடுப்பாண்ட இருந்தேன். வாசல்லேந்து கேட்டான்."

"இன்னான்னு கேட்டான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"காப்பி போட்டாச்சான்னு..."

வாக்கியம் பாதியில் நின்றது. ஜெபசிங் டம்ளரைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோல இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"போட்டாச்சுன்னேன்."



"சைமா எப்பவும் ஏத்தறதுன்னுதான் சொல்றா," என்றாள் கார்குழலி. "ஃப்ரெடிதான் காப்பி போடறதுன்னு சொல்றான். கார்டுல கீற படம் டிஸ்க்குல காப்பி ஆயிடுச்சான்னு கேட்டிருக்கான். அடுப்பு முன்னாடி நின்னுகினு இருந்த உங்களுக்கு வேற காப்பி ஞாபகம். டீ மட்டும் குடிக்கற கடையில நெறஞ்ச டம்ளரோட ஒரு காப்பி நின்னப்பவே நான் கேட்டிருக்கணும், இத கேட்டது யாருன்னு. திருடனும் இல்ல, திருட்டும் இல்லண்ணா. ஒரு பதில் இருந்துச்சு. அந்தப் பதில் உங்களுது."

"அப்ப படம் போச்சா?" என்றான் ஃபவாஸ். கோபப்படக்கூட மறந்துபோயிருந்தான்.

சைமாதான் முதலில் எழுந்தாள். "போவல. அழிச்ச கார்டுலயும் படம் அடியில அப்படியே கெடக்கும். அது மேல புதுப் படம் ஏறினாத்தான் போவும். ஃப்ரெடி இன்னிக்குத்தான் மறுபடி படம் எடுக்கறான்." அவள் ஜெபசிங் பக்கம் திரும்பினாள். "எந்தக் கார்டுல எடுக்கறான்?"

ஜெபசிங் மறுபடி மறுபடி அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேளச் சத்தத்தில் ஃப்ரெடிக்குக் கேட்கவில்லை.

"வண்டில ஏறு," என்றாள் கார்குழலி.

கடலோரச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, நகராத சுவர்போல நின்றிருந்தன. கார்குழலியின் ஸ்கூட்டர் அவற்றின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் இருந்த சிறு இடைவெளிகளில் புகுந்து புகுந்து போனது. சைமா பின்னால் உட்கார்ந்து போனைக் காதிலேயே வைத்திருந்தாள். திருவொற்றியூர் தாண்டியும் அவன் எடுக்கவில்லை.

விம்கோ நகர் மண்டபத்தில் பூச்சடையோடு ஒரு பெண் மேடையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஃப்ரெடி கேமராவைக் கண்ணில் வைத்து, "பாப்பா, கொஞ்சம் சிரி," என்று சொல்லிக்கொண்டிருந்தான். சைமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் லென்ஸின் முன்னால் உள்ளங்கையை விரித்தாள்.

"ஏய், இன்னா இது?"

"கார்டு மாத்தினியா?"

"இப்பத்தான். நிக்காஹ் எடுத்த கார்டு. ஏன்?"

"எவ்ளோ எடுத்தே?"

"ரெண்டு மூணு. லைட்டு பாக்கறதுக்கு."

அவளே கேமராவின் மூடியைத் திறந்து கார்டை உருவிக்கொண்டாள். மேடையிலிருந்த பெண் அதைப் பார்த்து உண்மையாகவே சிரித்துவிட்டாள். படமெடுக்கத்தான் கார்டு இல்லை; ஃப்ரெடி இன்னொன்றைத் தேடிப் பையைக் கவிழ்த்தான்.

மாலை நான்கரைக்குள் கணினித் திரையில் நிக்காஹ் ஒவ்வொரு சதுரமாகத் திரும்பி வந்தது. மண்டப வாசலில் எடுத்த சீரியல் விளக்குகளின் படங்களில் இரண்டு மூன்று கிழிந்துபோயிருந்தன. மற்றவை முழுசாக இருந்தன. திரையில் மெஹ்னாஸின் முகம் வந்ததும் ஃபவாஸ் மூக்கை உறிஞ்சினான். பெண்கள் பக்கப் படங்கள் வரத் தொடங்கியபோது, யாரும் சொல்லாமலே எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான்.

"படம் வந்துடுச்சு, பிரச்சன முடிஞ்சுது," என்றார் ஜெபசிங். அவர் சைமாவின் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் வேணும்னு சொல்லலம்மா. அந்த நேரத்துல ஒரு கொழப்பம்."

"படம் வந்துடுச்சு சார். என் பேரு இன்னும் வரல." சைமா டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டாள். "ஃபவாஸ் வூட்டுக்கு வாங்க. நீங்க சொன்னத அவங்க கேட்டிருக்காங்க. இதையும் நீங்களே சொல்லணும்."

மாலை அஸர் தொழுகை முடிந்து ஃபவாஸின் அத்தா ஷாகுல் ஹமீது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஜெபசிங் டிஸ்க்கை நீட்டியபடி அவர் எதிரே நின்றார்.

"பாய், படத்த யாரும் எடுக்கல. அன்னிக்கு ஃப்ரெடிக்கு உள்ளேந்து தப்பா பதில் சொன்னது இந்தப் பொண்ணு இல்ல. நான்தான். இவ மேல எந்தத் தப்பும் இல்ல."

ஷாகுல் ஹமீது டிஸ்க்கை வாங்கவில்லை. சைமாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு எண்ணைத் தேடி அழுத்தி, ஜெபசிங்கிடம் நீட்டினார்.

"காலையில நான் அவசரப்பட்டு இந்தப் பொண்ணோட அத்தாவாண்ட சொல்லிட்டேன். அதனால அவராண்ட நீங்க மொதல்ல சொல்லுங்க. அப்புறம் நான் பேசறேன்."

மறுமுனையில் "அலோ" என்ற களைத்த குரல் கேட்டது. சைமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஜெபசிங் போனைக் காதில் வைத்து, முதலில் தன் பெயரைச் சொன்னார்.