லிஸ்பனில் ஒரு சரிகைக் கோட்டு

லிஸ்பன் நகரத்து ஜூலை வெயிலில், கழுத்துவரை பொத்தான் மாட்டிய கறுப்புக் கம்பளிக் கோட்டோடு வக்கீல் பிரைஸின் அறைக்குள் நுழைந்தார் பிரிட்டிஷ் தூதர் சர் ரோட்னி ஹால்கெட். தொப்பியை மேஜைமேல் விட்டெறிந்தார். மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த டில்னி பாதிரியார் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிரைஸ் துப்புத் துலக்கும்போதெல்லாம் கூடவே ஒட்டிக்கொள்ளும் ஆசாமி அவர். ஆனால் தூதரின் கோபத்துக்குப் பக்கத்தில் உட்கார யாருக்குத்தான் பிடிக்கும்?

"செத்தது இந்த ஊர் ராஜாவோட அத்தை, வெந்து சாகறது நான்! அரண்மனைத் துக்கம்னு மூணு வாரமா தூதருங்க எல்லாம் கறுப்புலயே அலையறோம். அது கிடக்கட்டும் ஓய், என் மானமே போச்சு!"

விஷயம் இதுதான். பிரிட்டனும் போர்ச்சுகலும் பேசிவந்த வர்த்தக ஒப்பந்தத்தின் ரகசிய நிபந்தனைகள் பிரெஞ்சுத் தூதருக்குத் தெரிந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை மாலை சர் ரோட்னியே அந்தப் பிரெஞ்சுத் தூதரின் மாளிகைக்குள் போனதாக அங்குள்ள வாயிற்காவலன் சத்தியம் செய்கிறான். முகத்தைத் தொப்பி மறைத்திருந்ததாம். ஆனால் ஊருக்கே தெரிந்த அந்த நீலச் சரிகைக் கோட்டை அவன் நன்றாகவே பார்த்தானாம். போர்ச்சுகல் அரசு லண்டனுக்குப் புகார் எழுதிவிட்டது. லண்டன் அதை நம்பினால் பதவி போகும். பாராளுமன்றத்தில் அவர் கையிலிருக்கும் பரம்பரைக் குடும்பத் தொகுதியும் போகும்.

"அன்னிக்கு சாயங்காலம் எங்க இருந்தீங்க, துரை?" என்றார் பிரைஸ்.

"பல்வலி. அபினி மருந்து குடிச்சுட்டுப் படுத்திருந்தேன். சாட்சிக்கு ஒரு ஈ காக்கா கிடையாது!"

"அந்தக் காவலன் பொய் சொல்றான்!" பாதிரியார் துள்ளினார்.

"பொய் சொல்றவன் கறுப்புக் கோட்டுன்னுதான் சொல்லியிருப்பான், பாதிரியாரே. மூணு வாரமா தூதருங்களை அவன் வேற எந்த உடுப்புல பார்த்தான்?" பிரைஸ் நிதானமாகச் சொன்னார். "அவன் பார்த்ததைத்தான் சொன்னான். துக்கம் நடக்கறது தெரியாத எவனோ உங்க கோட்டைப் போட்டுக்கிட்டு, நாலு பேர் பார்க்கணும்னே போயிருக்கான். உங்க குமாஸ்தாங்க ஒவ்வொருத்தருக்கும் துக்கம் தெரியும். அன்னிக்கு வீட்டுக்குப் புதுசா வந்தது யாரு?"

சர் ரோட்னியின் முகம் வெளிறியது. "என் தம்பி ஆம்ப்ரோஸ். மத்தியானம்தான் கப்பல்ல வந்து இறங்கினான்."

"உங்களைக் கறுப்புல பார்க்கலையா?"

"நான்தான் ராத்திரிச் சட்டையில கிடந்தேனே! மேஜையில ஒப்பந்தக் காகிதமெல்லாம் அப்படியே திறந்து கிடந்துது!"

"நீங்க விழுந்தா தொகுதி யாருக்கு?"

"அவனுக்குத்தான்."

பாதிரியாருக்குக் கை துறுதுறுத்தது. "இப்பவே இழுத்துட்டு வந்து நாலு பேர் முன்னாடி நிறுத்துவோம்!"

"எங்கிருந்து இழுக்கறது? இன்னிக்குக் காலையிலதான் லண்டனுக்குக் கப்பலேறிட்டான். அடுத்த கப்பல் வர்றதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சுடும்." சர் ரோட்னி நாற்காலியை எட்டி உதைத்தார். "எனக்காக மந்திரிகிட்ட வாதாடறேன்னு கண் கலங்கினான் ஓய். என் பக்கத்து நியாயத்தையெல்லாம் எழுதி, அவன் கையிலதான் குடுத்தேன். கட்டிப்பிடிச்சு, நானே வழியனுப்பி வெச்சேன்."