ஒரு சீட்டு

முரல் தீவின் விமானச் சேவைக்கு அன்று காலையும் மதிப்பு ஏறியிருந்தது. தீவுக்கே இருப்பது ஒன்பது இருக்கை விமானம் ஒன்று, அதுவும் உப்புக்காற்றில் சாயம் உரிந்தது. தொழில்களுக்கு விலை குறிக்கும் மதிப்புமானி அதற்குத் தலைநகர நிறுவனங்களுக்குச் சமமான எண்ணைக் காட்டியது. மதிப்புமானியின் தலைமையகத்துக்கு நம்பிக்கை வரவில்லை; ஆய்வாளர் நிகேதனை அனுப்பியது.

மதிப்புமானி வந்தபின் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கை வைத்து விலை பேசுவது நின்றுவிட்டது. ஓடுதளத்தின் நீளம், காற்று, மெக்கானிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. போதாததற்கு, விமானத்துக்குள் பேசுவதையும் கேட்கும். நாளை யார் பறக்கப்போகிறார் என்பதில்தானே தொழிலின் மதிப்பு இருக்கிறது? மதிப்பு ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் எரிபொருள் கிடங்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆய்வாளர் நேரில் வந்து செய்யும் திருத்தத்தை அடுத்த ஆய்வாளர் நேரில் வந்துதான் மாற்ற முடியும். லஞ்சத்துக்குப் பயந்து வைத்த விதி அது.

பெருநிலக் கரையில் விமானம் ஏறியதும் நிகேதன் மகளுக்குப் போன் போட்டான். “அப்பா போயிட்டு வர்றேன்டா கண்ணு” என்றான். விமானத்தின் சொந்தக்காரியும் விமானியுமான ஆரோக்கியசெல்வி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினாள்.

தீவில் இறங்கியதும் மதிப்புமானியின் பதிவேட்டைத் திறந்தான். “நூத்தி எண்பத்தாறு பேருக்குத் திரும்பி வர்ற சீட்டு ஒதுக்கி வெச்சிருக்கு. யாரு மேடம் இவங்கல்லாம்?”

“எங்க ஊரு ஆளுங்கதான் சார். நான்தான் கரையில கொண்டுபோய் விட்டேன்.”

“திரும்பி வருவாங்களா?”

“வீட்டுக்கூரை ஓட்டைப் பிரிச்சு வித்துட்டுப் போனவங்க எப்படி சார் வருவாங்க?”

ஒலிப்பதிவை ஓடவிட்டான். கிழவர் குரல், கல்யாணப்பெண் குரல், தூக்கக் கலக்கத்தில் ஒரு குழந்தை. அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான்: போயிட்டு வர்றேன். மதிப்புமானி அதை அப்படியே நம்பிவிட்டது. போவதற்கு ஒரு சீட்டு, வருவதற்கு ஒரு சீட்டு.

“ஒருத்தர்கூட போறேன்னு சொல்லலியா?”

“அப்படி யாராச்சும் சொல்லுவாங்களா சார்? சாமான் வாங்கப் போறவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அடுப்பைப் பாத்துக்கன்னுட்டு ஏறிருவாங்க. ஒரேயடியாப் போறவங்கதான் இதைச் சொல்லுவாங்க, பாவம்.”

நிகேதனுக்கு மனம் கனத்தது. ஆனாலும் தப்பு தப்புதான். “இதைத் திருத்தணும் மேடம்.”

“திருத்துனா கிடங்கு பூட்டிக்கும். நாப்பத்தோரு பேர் இருக்கோம். கடல் அடங்கிப் படகு வர அஞ்சு மாசம் ஆவும். ஜெனிட்டாவுக்கு அடுத்த மாசம் பிரசவம், குழந்தை வேற குறுக்க கிடக்குன்னு சொல்லியிருக்காங்க.”

அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. உட்கார்ந்து இரண்டு தடவை கணக்குப் போட்டான். பொய்ச் சீட்டுகளைக் கழித்தாலும், தீவுக்காரர்கள் போய்வரும் சீட்டுகளோடு கரைக்குத் திரும்பக் காத்திருக்கும் ஒரு சீட்டையும் சேர்த்தால், மதிப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. “பூட்டாது. ஜெனிட்டாவுக்கு நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டுத் திருத்தத்தை எழுதினான். இனி ‘போயிட்டு வர்றேன்’ என்ற சொல்லுக்கு, சொன்னவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதே பொருள். எந்த ஆய்வாளரும் இதைத்தான் எழுதியிருப்பார்.

மதிப்புமானி நான்கு விநாடி எடுத்துக்கொண்டது. ஓடுதளத்துக்கு அப்பால் கிடங்கின் பூட்டு விழும் சத்தம் கேட்டது.

“என்ன சார் இது?” என்றாள் ஆரோக்கியசெல்வி.

அவன் பதறிப்போய்ப் பட்டியலைப் பார்த்தான். ஒரு சீட்டு குறைந்திருந்தது. கரைக்குத் திரும்பவேண்டிய அந்த ஒரே சீட்டு, பெயர் நிகேதன். பக்கத்தில் காரணமும் இருந்தது. தொட்டதும் அவன் குரலே பேசியது: “அப்பா போயிட்டு வர்றேன்டா கண்ணு.” அதன் கீழே ஒரு வரி: இவர் திரும்ப மாட்டார்.

“டேங்க்ல எவ்வளவு இருக்கு?”

“பாதி வழிக்குக்கூட காணாது சார்.”

நிகேதன் தலைமையகத்துக்குப் போன் போட்டான். தவறு புரிகிறது, இன்னொரு ஆய்வாளரை நேரில் அனுப்பி மாற்றிவிடலாம் என்றார்கள். அதை அவன் சொன்னதும், ஆரோக்கியசெல்வி விமானத்தையும் பூட்டிய கிடங்கையும் ஒருமுறை பார்த்தாள்.

“அவரு எதுல சார் வருவாரு?” என்று கேட்டாள்.