தானாக வைத்த பெயர்

நிரலைத் தொகுக்கும் பில்டு முடிந்து வந்து விழுந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்கு 'ஜெரூஷா' என்று பெயர் இருந்தது.

அச்சுதன் பில்டை ஓட்டும் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தான். திட்டத்தின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒட்டி ஒவ்வொரு கோப்புக்கும் அதுவே பெயர் வைத்துவிடும். அதற்கு மேல் ஒரு வரிகூட அதில் இல்லை. அதை எழுதியவள் அவன் டீமில் இருந்த ஜெரூஷாதான். அதில் அவள் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவன் அச்சுதன். தன் தவறால் க்ளையன்ட்டின் இணையதளம் படுத்துவிட்டபோது, பழியை அவள் தலையில் கட்டி நாவலூர் ஆபீஸிலிருந்து அன்றைக்கே அனுப்பியவனும் அவன்தான். அன்று மழையில் வீடு திரும்பியவள் மூடியில்லாத வடிகாலுக்குள் ஸ்கூட்டியோடு விழுந்து செத்துப்போனாள்.

சிட்லபாக்கத்தில் இப்போதும் மழை. பால்கனிக் கம்பியில் நீர் சொட்டும் ஓசையும், ஏரிப்பக்கமிருந்து வந்த பாசி வாடையும், இன்வெர்ட்டரின் மெல்லிய முனகலும் சாயங்கால வெளிச்சத்தோடு கலந்து அறைக்குள் தேங்கி நின்றன.

டீமில் இருக்கும் காலேப் போன் செய்தான்.

"சார், எங்களுக்கு வந்த ஃபைலுக்கு ஏன் சார் அந்தப் பேரை வெச்சீங்க? பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"நான் வைக்கல காலேப். நீ எதாச்சும் மாத்துனியா?"

"நான் தொடவே இல்ல சார். பில்டு உங்க மெஷின்ல மட்டும்தானே ஓடுது."

அச்சுதன் கோப்பை அழித்தான். யாராவது நிரலில் கை வைத்தால்தான் பில்டு தானாக மறுபடி ஓடும். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் ஓடியது. புதுப் பெயர் வந்தது: 'ஸ்நேகா-கேம்ப்-ரோடு'.

ஸ்நேகா அவன் மனைவி. சேலையூரில் டீச்சர். இந்நேரம் ஸ்கூட்டியில் கேம்ப் ரோட்டில்தான் வந்துகொண்டிருப்பாள்.

போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அறைக்குள் சாக்கடை நாற்றம். பில்டு மறுபடி ஓடியது. 'ஸ்நேகா-மழை-பள்ளம்'.

அவன் திரையைப் பார்த்துக் கை கூப்பினான். "ஜெரூஷா, தப்பு என்னோடது. அவள விட்டுடும்மா."

எதுவும் அசையவில்லை. பிறகு ஓடியது.

'வீட்டுக்கு-வந்தாச்சு-சார்'.

கீழே ஹார்ன். பால்கனிக்கு ஓடினான். கேட்டருகே ஸ்கூட்டி. ஸ்நேகா. முழுசாக. ரெயின்கோட்டுக்குள் சிரித்தபடி.

"கேட்டத் திறங்க. வண்டி என்னவோ டபுள்ஸ் வர்ற மாதிரி கனக்குதுங்க."

பின்சீட்டில் ஒருத்தி. குனிந்த தலை. கூந்தலிலிருந்து கறுப்பாக வழியும் சேறு.

நிமிர்ந்தாள். அவனையே பார்த்தாள். பார்த்தபடியே, ஸ்நேகாவின் இடுப்பைச் சுற்றியிருந்த கையை மெல்ல மேலே கொண்டுபோய், சிரித்துக்கொண்டிருந்த அந்த வாயைப் பொத்தினாள்.

ஸ்நேகாவின் மூக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது.