காய்ந்திருந்த சுவர்

‘நிறுத்தக் கூடாது’ என்று ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் அவன் அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்தினான். படிக்காமல் செய்திருந்தாலாவது சாக்குச் சொல்லலாம்.

திங்கட்கிழமை ஆபீஸ் முழுவதும் புது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாற வேண்டும். அதற்கு முன் பிரிவுக்கு ஒரு மெஷினில் ஏற்றி, பிரிண்டர் ஓடுகிறதா, கணக்கு சாஃப்ட்வேர் திறக்கிறதா என்று சோதிப்பது அவன் பொறுப்பு. பழைய மெஷின் ஒன்று குறைந்தது. கடைசி அறையில், யாரும் உட்காராத மேசைக்கு அடியில், சுவரைப் பார்த்து அனலாக மூச்சுவிட்டபடி வருஷக்கணக்காக இது உறுமிக்கொண்டிருந்தது. இதைவிட வாகான பலியாடு கிடைக்குமா? சனிக்கிழமை புது சிஸ்டத்தை ஏற்றினான். பாதியில் அணைந்தது. அப்புறம் எழவே இல்லை.

ஒயரைப் பிடுங்கப் பின்னால் கைவிட்டபோது விரல்கள் சுவரில் பட்டன. வெதுவெதுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். வீட்டு வாசலில் மகள் சுருட்டை முடி கண்ணில் விழத் தவழ்ந்து வந்து அந்த விரலையே பிடித்து வாயில் போட்டுக் கடித்தாள். கீழ் ஈறில் போன வாரம்தான் இரண்டு பல் முளைத்திருந்தது. அதை போனில் காட்டி அவன் அறுக்காத ஆள் ஆபீஸில் பாக்கியில்லை.

ஞாயிறு மதியம் செத்த மெஷினுக்கு உயிர் கொடுக்க வந்தான். கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அப்பியது: துவைக்காத தலையணை உறையில் ஊறிய எச்சில், மூடியே கிடந்த பால் புட்டி, அதற்கும் அடியில் இனிப்பாக ஏதோ ஒன்று. மேலாளருக்கு போன் செய்து அந்த மெஷினுக்கு என்னதான் வேலை என்று கேட்டான். எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்பதால் அவருக்குப் பேரே ‘பார்க்கலாம் சார்’. இப்போதும் அதையே சொன்னார். ஆனால் மெஷின் நின்றுவிட்டது என்றதும் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

மேசையை நகர்த்தினான். மெஷின் ஊதிக்கொண்டிருந்த இடத்தில் பெயின்ட் கொப்புளமாக உப்பி, நடுவில் கிழிந்து, உள்ளே இளஞ்சிவப்பாக ஏதோ பளபளத்தது. பூஞ்சணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஸ்கேலால் சுரண்டினான். மெத்தென்று உள்வாங்கியது. நூல் நூலாக ஈரம் ஒட்டிவந்தது. ஸ்கேலை முகர்ந்தான். அதே நாற்றம்.

போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, பாப்பா வாயில பல்லைக் காணோம்.”

“ஆறு வயசுலதானே விழும்? உன்னை மாதிரியே எல்லாத்துலயும் அவசரம்.”

அவள் சிரிக்கவில்லை. “விழலைங்க. ரத்தம் இல்ல. ஈறு வழவழன்னு இருக்கு. முளைக்காத மாதிரி.”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழிசல் விரிந்திருந்தது.

உள்ளே ஈறு. கீழ் வரிசை. ஈரம் சொட்டியது.

இரண்டு பல்.

சின்னது. அவனுக்குத் தெரிந்த பல்.

பின்னால் செருப்புச் சத்தம். பார்க்கலாம் சார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

“அந்த மெஷினுக்கு என்ன சார் வேலை?”

“சுவரைக் காய வைக்கிறது. வேற ஒண்ணும் இல்ல.”

“வேற மெஷின் வெச்சு ஓட விட்டா…”

அவர் ‘பார்க்கலாம்’ என்று சொல்லமாட்டாரா என்று முதல்முறையாக ஏங்கினான்.

“இனிமே காயாதுப்பா. முதல்ல பல்லு வரும். அப்புறம் ஒவ்வொண்ணா, முழுசா வந்துடும்.”

சுவரில், பல்லுக்கு மேலே, மெல்லிய சுருட்டை முடி ஈரத்தில் ஒட்டியிருந்தது.